முந்தைய உரிமையாளர் ஒப்பேற்றி வைத்த வேலைகளை என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இதுதான்: பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள். எங்கே கை வைத்தாலும் முன்பு இருந்தவர் தானே செய்த வேலை வெளியே வருகிறது. சுவருக்குள் டேப் சுற்றிய வயர் இணைப்பு, குளியலறையில் டைல்ஸுக்கு மேல் டைல்ஸ், படுக்கையறையில் பெயின்ட்டுக்கு அடியில் ஓதம், மொட்டை மாடியில் அடுக்கடுக்காகச் சிமென்ட் பூச்சு. எல்லாவற்றையும் இடித்துவிட்டு முதலிலிருந்து செய்வதா, எதை விடலாம், எதை விடக்கூடாது? பழைய வீடுகளைத் திறந்து சரிசெய்வதுதான் என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் செய்த ஒட்டு வேலையை எப்படிச் சரிசெய்வது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த ஒட்டு எதற்காக வைக்கப்பட்டது என்று தேடுங்கள். யாரும் விடுமுறை நாளில் வேலையில்லாமல் கரண்டியும் சிமென்ட்டும் எடுத்துக்கொண்டு சுவர் பூச மாட்டார்கள். அங்கே தண்ணீர் வந்திருக்கும், விரிசல் விட்டிருக்கும், அடிக்கடி கரண்ட் போயிருக்கும். அவர் கையில் இருந்த பொருளை வைத்து, தெரிந்த அளவுக்குச் சமாளித்திருக்கிறார். நீங்கள் அந்த ஒட்டைப் பெயர்த்துவிட்டு அதே இடத்தில் இன்னும் விலையுயர்ந்த ஒட்டை வைத்தால், அதுவும் சில வருடங்களில் பெயர்ந்துவிடும். பழைய வேலை மோசமாக இருப்பது ஒரு பிரச்சினை. அதற்குப் பின்னால் இருக்கும் பழைய கோளாறு இன்னும் உயிரோடு இருப்பது பெரிய பிரச்சினை.

அதனால் சம்மட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். முன்பு இருந்தவரைத் தொடர்புகொள்ள வழியிருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "மழையில் எந்தப் பக்கம் தண்ணீர் வரும்? எந்த ஸ்விட்ச் அடிக்கடி விழும்? எந்தக் குழாயை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். தன் கையால் வேலை செய்தவருக்கு அது ஒவ்வொன்றும் நினைவிருக்கும், பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்லுவார். அவர் கிடைக்கவில்லை என்றால் பரணையும் படிக்கட்டுக்கு அடியையும் பாருங்கள். மிச்சம் வைத்த பெயின்ட் டப்பா, பசை, வெட்டிய குழாய்த் துண்டு, டைல்ஸ் பெட்டி எல்லாம் அங்கேதான் கிடக்கும். என்ன பொருள், ஏறத்தாழ எந்த வருடம் என்பது டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். குப்பை என்று முதல் நாளே அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து, இருட்டிய பிறகு வீட்டின் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவர் மேல் வழுக்கிப் போகிற மாதிரி அடியுங்கள். பகலில் சமமாகத் தெரிந்த சுவரில் மூடிய ஜன்னல், அடைத்த காடி (வயருக்கோ குழாய்க்கோ சுவரில் வெட்டிய பள்ளம்), ஒட்டுப் பூச்சு எல்லாம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், பூச்சு விட்டுப்போன இடத்தில் சத்தம் மாறும். தரையில் ரசமட்டம் வைத்து வாட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒரே அறையில் இரண்டு வகை ஸ்க்ரூ, இரண்டு வகை ஸ்விட்ச், ஒரு மூலையில் மட்டும் புதுப் பட்டி என்று எங்கெல்லாம் பொருள் மாறுகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் குறியிட்டுப் படம் எடுத்து வையுங்கள். இடிக்க ஆரம்பித்த பிறகு இந்தத் தடயங்கள் திரும்பக் கிடைக்காது.

எதை விடலாம், எதை மாற்ற வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு கேள்விதான். இது கெட்டுப்போனால், ஆபத்து வருவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தால் கை எட்டுமா? இரண்டுக்கும் ஆம் என்றால், வேலை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் இப்போதைக்கு விடலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், வெளிப்பார்வைக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக விடாதீர்கள். சமையலறை சிங்க்குக்கு அடியில் கோணல்மாணலாக ஓடும் குழாய் கசிந்தால் அன்றைக்கே தெரியும், பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். அதே இணைப்பு டைல்ஸுக்குப் பின்னால் இருந்தால், தெரிவதற்குள் சுவரே ஊறியிருக்கும்.

மின்சாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உயிரை எடுக்கக்கூடியது அதுதான். நிலையான வயரிங்கில் கை வைக்க உரிமம் வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் நல்ல எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். ஆனால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும், அவர் சொல்வதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டி.பி. பாக்ஸில், அதாவது வீட்டுக்குள் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியில், ஒட்டியிருக்கும் பெயர்களை நம்பாதீர்கள். "படுக்கையறை" என்று எழுதிய எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறக்கினால் படுக்கையறையில் பாதிதான் அணையும், மீதி வேறு சர்க்யூட்டிலிருந்து வந்துகொண்டிருக்கும். ஒரே ஸ்விட்ச் பெட்டிக்குள் இரண்டு சர்க்யூட் வயர் இருப்பது இப்படிப்பட்ட வீடுகளில் சாதாரணம். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கி, எந்த பாயின்ட்டில் கரண்ட் போகிறது என்று வீடு முழுவதும் பார்த்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யப் போகும் இடத்தில் வைத்து, மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி வயரைத் தொடக்கூடாது.

அடிக்கடி பார்ப்பது அளவுக்கு மீறிய எம்.சி.பி. ஹீட்டரோ ஏ.சி.யோ போட்டதும் பழைய எம்.சி.பி. விழுந்திருக்கும். முன்பு இருந்தவர் அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டிருப்பார், அதன் பிறகு விழவே இல்லை. சுவருக்குள் ஓடுவதோ 1.5 சதுர மி.மீ. வயர். எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பாற்ற. வயரின் திறனை விடப் பெரிய எம்.சி.பி. போட்டால், வயர் சூடாகி இன்சுலேஷன் கருகும் வரை அது சும்மா இருக்கும். இங்கே ஒட்டைப் பார்க்காமல் காரணத்தைப் பார்த்தால் விடை எளிது. அந்தச் சுமைக்குத் தனியாகத் தடித்த வயரில் ஒரு சர்க்யூட் வேண்டியிருந்தது, அது இல்லை. எம்.சி.பி.யைச் சரியான அளவுக்கு இறக்குங்கள், கனமான கருவிக்குத் தனி வயர் இழுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் சரியாகும். முதலாவதை மட்டும் செய்தால் உங்களுக்கும் அடிக்கடி விழும்.

இன்னொன்று, ஸ்விட்ச்சை பேஸில் (கரண்ட் வரும் வயரில்) போடாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) போட்டிருப்பது. விளக்கு எரியும், அணையும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றப் போகிறவர் கை அங்கேதான் படும். அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுங்கினால் இதைச் சந்தேகப்படுங்கள். மினுங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதைச் சோதித்து விலக்கிய பிறகுதான் மற்றதற்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கொடியது, எர்த் வயர் வராத சாக்கெட்டில் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைப்பது. மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டரைச் செருகினால் "எல்லாம் சரி" என்றே காட்டும், அந்தக் கருவியால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போகும் நாளில், அந்த சாக்கெட்டில் செருகிய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். அதனால் முந்தைய உரிமையாளர் கை வைத்தார் என்று தெரிந்த வீட்டில் ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றிக் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். அலுப்பான வேலைதான். ஆனாலும் இதில் குறுக்கு வழி கிடையாது.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் வழிதவறிக் கசிந்தால் உடனே விழும் ஸ்விட்ச்) இல்லை என்றால் போடுங்கள். போட்டதும் அது விழுந்துகொண்டே இருந்தால், கருவி சரியில்லை என்று கழற்றிவிடாதீர்கள். அதன் வழியாகப் போகும் பேஸுக்கு அதன் வழியாகப் போகாத நியூட்ரலைக் கொடுத்திருந்தாலும், அதற்குப் பின்னால் நியூட்ரல் எங்காவது உண்மையான எர்த்தோடு சேர்ந்திருந்தாலும் அது விழத்தான் செய்யும். அதாவது, நீங்கள் தேடும் கோளாறை அது காட்டிக்கொடுக்கிறது. கடைசியாக, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) வைத்து இன்சுலேஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும், நல்ல வயரில் அதைவிடப் பல மடங்கு வரும். சோதனைக்கு முன் எல்.இ.டி. விளக்கு, டிம்மர் போன்றவற்றைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அவை பழுதாகும், அளவும் தவறாக வரும்.

சுவருக்குள் பூசி மறைத்த இணைப்பு எதுவாக இருந்தாலும், டேப் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருந்தாலும், அதை விடாதீர்கள். இணைப்பு இளகினால் அந்த இடம் சூடாகும், யாருக்கும் தெரியாது. தாமிர வயரையும் அலுமினிய வயரையும் சேர்த்து முறுக்கியிருந்தால் இன்னும் மோசம். அலுமினியத்தின் மேல் கரண்ட் கடத்தாத ஆக்சைடு படலம் உருவாகும், சூடாகிக் குளிர்ந்து இணைப்பும் தளரும். என் கணக்கு இதுதான்: ஒரு சர்க்யூட்டில் இப்படி ஒன்றுக்கு மேல் கண்ணில் பட்டால், அந்தச் சர்க்யூட்டின் வயரைக் காப்பாற்ற நினைக்காமல் முழுவதும் புதிதாக இழுத்துவிட வேண்டும். உள்ளே பைப் சரியாக இருந்து வயர் தாராளமாக நகர்ந்தால், சுவரை உடைக்காமலே முடித்துவிடலாம்.

தண்ணீர் உடனே ஆளைக் கொல்லாது, ஆனால் வீட்டை மெதுவாக அரித்துவிடும். ஒட்டுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேட வேண்டும் என்று சொன்னதற்கு, நான் பார்த்த ஒரு சுவரைச் சொல்கிறேன்.

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர். இடுப்பளவுக்கு அழகான மரப் பேனல் அடித்திருந்தார் முந்தைய உரிமையாளர். பேனலைக் கழற்றியதும் அதன் முதுகு முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பின்னால் பளபளவென்று வாட்டர்புரூஃப் பெயின்ட், அங்கங்கே கொப்புளம். விரலால் அழுத்தினால் கொப்புளம் உடைந்து பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே பட்டி களிமண் மாதிரி குழைந்திருந்தது. கரண்டியால் சுரண்டியதும் சிமென்ட் பூச்சு மணலாகக் கொட்டியது, செங்கல் மேல் பஞ்சு பஞ்சாக உப்புப் பூத்திருந்தது. உள்ளிருந்து வெளியே படித்தால் அவர் பட்ட பாடு வரிசையாகத் தெரியும்: முதலில் பட்டி, அது ஊறியதும் வாட்டர்புரூஃப் பெயின்ட், அதுவும் கொப்பளித்ததும் பேனல்.

பிளம்பர் வந்து எல்லாக் குழாயையும் மூடிவிட்டு பிரஷர் டெஸ்ட் செய்தார். முள் இறங்கவே இல்லை. குழாயில் கசிவு இல்லை, தரையிலிருந்து ஏறும் ஓதம் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் ஈரம் அதிகமாக இருந்தது தரையை ஒட்டி அல்ல, பேனலின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில். தரையிலிருந்து ஏறும் ஓதம் அடியில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும்தான் இருக்கும். தவிர, அந்தக் கறை காலையில் இருண்டும் இரவுக்குள் வெளுத்தும் இருந்தது. காலையில் குளிக்கிறார்கள்.

குளியலறையில் மிக்ஸரிலிருந்து (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாய்) ஷவர் தலைக்கு ஏறும் குழாய் ஒன்று சுவருக்குள் இருக்கும். மிக்ஸரைத் திறந்தால்தான் அதற்குள் தண்ணீர் போகும், மூடியிருக்கும்போது அதில் அழுத்தம் கிடையாது. எல்லாவற்றையும் மூடிவிட்டுச் செய்த பிரஷர் டெஸ்ட் அந்தக் குழாயைத் தொடவே இல்லை. ஷவர் தலையைக் கழற்றி அங்கே ஒரு ஹோஸ் மாட்டி, தண்ணீர் டைல்ஸ் மேல் துளிகூடப் படாமல் நேராக வாளிக்குப் போகும்படி விட்டோம். கொஞ்ச நேரத்திலேயே படுக்கையறைப் பக்கம் செங்கல் கறுத்து வந்தது. உடைத்துப் பார்த்தால் மிக்ஸருக்குச் சற்று மேலே ஒரு எல்போ, அதாவது வளைவான குழாய் இணைப்பு. கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை முந்தைய உரிமையாளர் மரையின் எதிர்த் திசையில் சுற்றியிருந்தார். திருகத் திருக டேப் சுருண்டு வெளியே தள்ளப்பட்டு, மரைக்குள் எதுவும் இல்லாமல் போயிருந்தது. ஒரு எல்போவை மாற்றியதோடு முடிந்தது. அந்தச் சுவருக்கு எவ்வளவு உசத்தியான பெயின்ட் அடித்திருந்தாலும் நின்றிருக்காது.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். அழுத்தத்தில் இருக்கும் குழாய், ஷவர் குழாய், கழிவுக் குழாய், தரை, சுவர் டைல்ஸ் இடுக்கு என்று ஒன்றொன்றாகப் பாருங்கள். தரைக்கு, டிராப்பை (தண்ணீர் வெளியேறும் வாய்; நாற்றம் திரும்பாமல் தடுக்க அதற்குள் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும்) அடைத்து விரலளவு தண்ணீர் கட்டி, மட்டத்தைக் குறித்து ஒரு நாள் விடுங்கள். சுவருக்கு, டைல்ஸை மட்டும் நனையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதித்தால் எதனால் ஈரம் வந்தது என்று மறுபடியும் குழப்பம்தான். குழாயே இல்லாத சுவரில் ஈரம் என்றால், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக்காற்றின் ஈரம், காற்றோட்டம் போதவில்லை. உள்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

காரணத்தை நிறுத்திய பிறகு சுவர் காய நேரம் கொடுங்கள். நன்றாக ஊறிய செங்கல் சுவர் ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் அங்குலக் கனம்தான் காயும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. பூத்த உப்பைக் கழுவாமல், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். முந்தையவர் செய்த தவறுகளில் பாதி இந்த அவசரம்தான். வேலை முடிக்கும் கெடுவுக்காக நீங்களும் ஈரச் சுவரை மூடிவிடாதீர்கள்.

மற்றக் குழாய் வேலைகளில் சிலவற்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வெந்நீர்க் குழாயில் சாதாரண யு.பி.வி.சி. போட்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அது 60 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். இரும்புக் குழாயும் தாமிரக் குழாயும் நேராக இணைந்திருந்தால் இரும்பு அந்த இடத்தில் அரிக்கும், நடுவே பிரிக்கும் இணைப்பு வேண்டும். கழிவுக் குழாயில் நாற்றம் என்றால் டிராப் இல்லாமல் விட்டிருப்பார். தண்ணீர் குடகுடவென்று மெதுவாக இறங்கினால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு டிராப் போட்டிருக்கலாம், அல்லது காற்றுக்குழாயை எங்கோ அடைத்திருக்கலாம். பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் பிடிக்காது, முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

டைல்ஸ் மேல் டைல்ஸ் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கூடத்திலோ படுக்கையறையிலோ தட்டிப் பார்த்துச் சத்தம் கெட்டியாக இருந்து, கதவு தட்டாமல் திறந்தால் அப்படியே விடுங்கள். குளியலறையில் விட வேண்டாம் என்பேன். தரை உயர்ந்ததால் வாசல் தடுப்பு குறைந்திருக்கும், டிராப் பள்ளத்துக்குள் போயிருக்கும், இரண்டு அடுக்குக்கும் நடுவே தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அடியில் வாட்டர்புரூஃபிங் என்று ஒன்று இருக்கிறதா என்பதே இரண்டு அடுக்கையும் எடுத்தால்தான் தெரியும்.

கட்டமைப்பு விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பு. அறையைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தால், கூரையிலும் தரையிலும் அந்தச் சுவர் இருந்த கோடு தெரிகிறதா, மேல்தளத்தில் அதே இடத்தில் சுவர் நிற்கிறதா, மேல்தளக் கதவுகள் இறுக ஆரம்பித்திருக்கின்றனவா, கதவு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை வரச் சொல்லுங்கள். கொத்தனாரின் அனுபவம் பெரிது, ஆனால் பாரத்தைக் கணக்குப் போடுவது அவர் வேலை அல்ல. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அகலத்தை அளந்து வையுங்கள். பல வருடமாக அசையாத மெல்லிய விரிசலும், இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டிப் போகும் விரிசலும் ஒன்றல்ல. 5 மி.மீ.க்கு மேல் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

வயருக்காகவும் குழாய்க்காகவும் எடுத்த காடிகளையும் கவனியுங்கள். பிரிட்டனின் கட்டட வழிகாட்டியில், நெட்டாக எடுக்கும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடையாக எடுப்பது ஆறில் ஒரு பங்கையும் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. எந்த ஊருக்கும் பொருந்தும் நல்ல அளவு அது. 4 அங்குலச் சுவரில் கிடையாக ஒரு தடித்த குழாயைப் புதைத்திருந்தால் அந்தச் சுவர் ஏறக்குறைய பாதியாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். பீமைத் துளைத்துக் குழாய் விட்டிருந்தாலோ கம்பியை அறுத்திருந்தாலோ அதைச் சிமென்ட் வைத்து அடைத்து மறைக்காதீர்கள். இன்ஜினீயர் பார்க்கும் வரை திறந்தே இருக்கட்டும்.

கான்கிரீட் பெயர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பியிருப்பதும் இதே கதைதான். உள்ளே கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே அப்பிய சிமென்ட்டையும் அது தள்ளிவிடும். சரியாகச் செய்வதென்றால் கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் கொத்தி எடுத்து, துருவைப் பளிச்சென்று தேய்த்து, பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, அதற்கான கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, அங்கே தண்ணீர் எப்படி வந்தது என்பதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

மொட்டை மாடியில் அடுக்கடுக்காகப் பூச்சு என்று எழுதியிருந்தீர்கள். கசியும் ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு போட்டிருப்பார். 5 செ.மீ. கனச் சிமென்ட் கலவை சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் வரும். 10 அடிக்கு 10 அடி அறையின் மேல் அப்படி ஓர் அடுக்கு என்றால் கிட்டத்தட்ட ஒரு டன். மூன்று அடுக்கு என்றால் அந்தத் தளம் தாங்குவதற்குக் கணக்கிடாத பாரத்தை இத்தனை நாள் தாங்கிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து நான்காவது அடுக்கு போடாதீர்கள். பழையதை எடுத்து, தளத்தைப் பார்த்து, வாட்டத்தைச் சரிசெய்து, பிறகு வாட்டர்புரூஃபிங். நான் பார்த்த வரையில் மாடிக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் போக்கியைச் சுற்றிய இடமும் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையும்தான். நடுவில் எத்தனை அடுக்கு பூசினாலும் அந்த இரண்டும் அப்படியே இருக்கும்.

பழைய பொருளை உடைப்பதற்கு முன் ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டில் மட்டும் இருந்ததில்லை. பழைய வினைல் தரை டைல்ஸ், அதன் பசை, கூரையில் அடித்த சொரசொரப்பான பூச்சு, குழாய் மேல் சுற்றிய உறை ஆகியவற்றிலும் இருந்திருக்கிறது. பிரிட்டனில் முழுத் தடை வந்ததே 1999-இல்தான், சில நாடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. உடையாமல் கிடக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. அறுத்தாலோ, துளையிட்டாலோ, தேய்த்தாலோ தூசு நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடும். சந்தேகம் இருந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் அதை 1978-இல்தான் தடை செய்தார்கள். அதை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ நெருப்பு காட்டி உரிக்கவோ கூடாது, நனைத்துச் சுரண்ட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டில் இருக்க வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு எல்லாவற்றையும் இடித்துவிடலாம் என்று தோன்றினால், அதுவும் வேண்டாம். கோணலாக அடித்த அலமாரி, சமமில்லாத தரை விளிம்பு, ஐந்து கோட் பெயின்ட் ஏறிய கதவு, பொருந்தாத நிறத்தில் ஒரு டைல்ஸ் ஆகியவை யாரையும் எதுவும் செய்யாது. அவற்றைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். தன் வீடு என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் சில இடங்களில் ஆள் வைத்துச் செய்ததை விட நன்றாகச் செய்திருப்பார்கள். நான்கு ஸ்க்ரூ போதும் என்ற இடத்தில் பத்து போட்டிருப்பார்கள், மரத்தை இழைத்து உள்பக்கமும் வார்னிஷ் அடித்திருப்பார்கள். அதைக் கண்டால் தொடாமல் விடுவதுதான் மரியாதை. பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது, திறந்த பிறகு வெளியே வரும் வேலைகளுக்காகத் தொடாமல் எடுத்து வையுங்கள். ஒப்பேற்றிய வேலை நிறைந்த வீட்டில் அது மிஞ்சியதாக நான் பார்த்ததில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கூரையும் வெளிச்சுவரும், அதாவது மழைத்தண்ணீர் உள்ளே வரும் வழிகள். பிறகு கட்டமைப்பு. அதற்குப் பிறகு வயரும் குழாயும். அப்புறம் குளியலறை வாட்டர்புரூஃபிங், தண்ணீர் கட்டிச் சோதனை. பூச்சு, தரை, பெயின்ட் எல்லாம் கடைசி. பெயின்ட்டர் தேதி கொடுத்துவிட்டார் என்பதற்காக நடுவில் எதையும் முன்னே தள்ளாதீர்கள்.

காடியை மூடும் முன் குழாயில் வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதியுங்கள். ஷவர் குழாயின் மேல்முனையை அடைத்து, மிக்ஸரைத் திறந்து வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதைப் பிளம்பரிடம் நீங்களே சொல்லுங்கள். ஒவ்வொரு சுவரையும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவு தெரியும்படி டேப் பிடித்துப் படம் எடுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் திறந்து மூடும் சிறு கதவு வையுங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, எந்த வயர் என்ன அளவு, எந்தக் குழாய் எந்த வழி, எந்த நாளில் மாற்றியது என்பதை ஒரு தாளில் எழுதி டி.பி. பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சுவர் விரிசலுக்குப் போட்ட பென்சில் கோடுகளை மட்டும் பெயின்ட்டுக்கு முன் இன்னொரு தடவை அளந்து பாருங்கள்; நகர்ந்திருந்தால் பெயின்ட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.